இஸ்திரி வண்டிக்கு அடியில் ஒரு சிநேகிதம்

நகரத்துப் பிள்ளைகளுக்கு எல்லாவற்றையும் பெரியவர்களே தேர்ந்தெடுத்துக் கொடுக்கிறோம். பள்ளிக்கூடம், பாட்டு வகுப்பு, நீச்சல், எந்த நேரத்தில் விளையாடலாம், யார் வீட்டுப் பிள்ளையோடு விளையாடலாம் என்பது வரைக்கும் நம் கையில்தான். அப்படி வளரும் ஒரு குழந்தை, யாரும் அறிமுகம் செய்துவைக்காமல், யாரிடமும் அனுமதி கேட்காமல், தானாகவே தேடிக்கொள்ளும் முதல் சிநேகிதம் பெரும்பாலும் நாலு காலில்தான் வருகிறது. மாடிப்படிக்குக் கீழே குட்டி போட்ட பூனையாக இருக்கும். பால் பூத் வாசலில் சுருண்டு கிடக்கும் நாயாக இருக்கும். பிள்ளை தானே சம்பாதித்த உறவு அது. அதனால்தான் அதைப் பெரியவர்கள் மரியாதையோடு நடத்த வேண்டும் என்கிறேன். விரட்டியும் விடக்கூடாது, கவனிக்காமலும் விட்டுவிடக்கூடாது.

என் பேத்திக்கு ஏழு வயது. பெரம்பூரில் எங்கள் குடியிருப்புக்கு எதிர்ச்சாரியில் ஒரு வாதாம் மரம், அதன் நிழலில் இஸ்திரி வண்டி. அந்த வண்டிக்கு அடியில்தான் செவலை இருக்கிறது. நிறத்தை வைத்து இஸ்திரிக்கார அண்ணன் கூப்பிட ஆரம்பித்த பெயர். மார்கழிக் காலையில் அவர் பெட்டியிலிருந்து தட்டிக் கொட்டும் சாம்பல் ஆறும்வரை அதன் மேலேதான் படுத்துக்கிடக்கும். எழுந்து உதறினால் பாதி உடம்பு சாம்பல் நிறம், பாதி செவலை. பள்ளி வேனுக்காக நிற்கும் நேரத்தில் இந்தப் பெண் அதைப் பார்க்க, அது இவளைப் பார்க்க, அப்படித்தான் தொடங்கியது. ஒரு நாள் வேன் வந்து நின்றும் இவள் ஏறவில்லை. செவலை கொட்டாவி விட்டு முடிக்கட்டும் என்று காத்திருந்தாளாம்.

மருமகள் பதறிவிட்டாள். "தொடாதே, கடிச்சிடும், உள்ள வா" என்று மாடியிலிருந்தே சத்தம் போட்டாள். என் மகனோ, "விடும்மா, நானும் தெருநாயோடதானே வளர்ந்தேன்" என்றான். இரண்டு பேர் சொன்னதிலும் பாதி நியாயம் இருக்கிறது. தாயின் பயம் வெறும் பயம் அல்ல. அவன் நினைவும் பொய்யல்ல. ஆனால் ஒருவர் விலக்கி வைக்கிறார், ஒருவர் போகட்டும் என்று விடுகிறார். பிள்ளையோடு கீழே இறங்கிப் போய் நிற்க யாரும் இல்லை. வேலைக்குப் போகிறவர்களுக்கு அதற்கு நேரமும் இல்லை. வீட்டில் ஒரு பாட்டியோ தாத்தாவோ இருந்தால், இது அவர்கள் எடுத்துக்கொள்ள வேண்டிய பொறுப்பு. நான் எடுத்துக்கொண்டேன்.

முதலில் பயத்தைப் பற்றிப் பேசிவிடுகிறேன். அதைப் பேசாமல் பிராணிகளிடம் அன்பு காட்டச் சொல்வது பொறுப்பற்ற பேச்சு.

வெறிநாய்க்கடி நோய் வந்து, அறிகுறி தெரிந்துவிட்டால் பிழைக்க வழி இல்லை என்றே சொல்லலாம். அத்தனை கொடிய நோய். ஆனால் கடித்த உடனே ஒழுங்காக வைத்தியம் செய்தால் முழுக்கத் தடுத்துவிடக் கூடிய நோயும் அதுதான். நோயுள்ள நாயின் எச்சிலில் கிருமி இருக்கிறது. பல் பட்டால்தான் ஆபத்து என்று பலர் நினைக்கிறார்கள். நகம் கீறினாலும், நம் உடம்பில் ஏற்கெனவே உள்ள புண்ணை நக்கினாலும் கிருமி உள்ளே போகலாம். பூனைக் கீறலும் இதில் சேர்த்திதான். குழந்தைகளுக்குக் கூடுதல் ஆபத்து, ஏனென்றால் அவர்கள் உயரத்துக்கு நாயின் வாய் முகத்துக்கும் கழுத்துக்கும் அருகில் இருக்கிறது. கிருமி நரம்பு வழியாக மூளைக்குப் போகிறது. முகத்தில் பட்ட கடியிலிருந்து அது போக வேண்டிய தூரம் குறைவு.

கடித்த இடத்தைக் குழாயைத் திறந்துவிட்டு, ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். இதைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது, உயிரைக் காக்கும் முதல் வேலை இதுதான். மிளகாய்ப்பொடி வைப்பது, சுண்ணாம்பு தடவுவது, மஞ்சளைக் குழைத்துப் பூசுவது, இறுக்கிக் கட்டுப்போடுவது எல்லாம் கெடுதல். அடுத்து ஆஸ்பத்திரி. அரசு மருத்துவமனைகளில் இந்தத் தடுப்பூசி இலவசம். தோலுக்குள் போடும் முறையில் அன்றைக்கே ஒரு தவணை, பிறகு 3-ஆம் நாள், 7-ஆம் நாள், 28-ஆம் நாள். ரத்தம் வரும்படி கடித்திருந்தால் காயத்துக்குள்ளேயே செலுத்தும் இம்யூனோகுளோபுலின் மருந்தும் வேண்டும். நாலு தவணையில் ஒன்றைக்கூடத் தவறவிடக் கூடாது. "நாய் நல்லாத்தானே இருக்கு, பத்து நாள் பார்ப்போம்" என்று ஊசியைத் தள்ளிப்போடுவதும் தப்பு. ஊசியை ஆரம்பித்துவிட்டு நாயைக் கவனிக்கலாம்.

என் தலைமுறைக்கு நாய்க்கடி என்றாலே தொப்புளைச் சுற்றிப் போடும் ஊசிதான் ஞாபகம் வரும். ஆட்டு மூளையிலிருந்து தயாரித்த மருந்து. நாள்தோறும் வயிற்றில் ஊசி, வலி, வீக்கம். அந்த மருந்தை நம் நாட்டில் நிறுத்தி இருபது ஆண்டுக்கு மேல் ஆகிறது. இப்போது கையில் போடும் சாதாரண ஊசிதான். இதை வீட்டுப் பிள்ளைகளுக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பாட்டிமார் சொன்ன தொப்புள் ஊசிக் கதையைக் கேட்டுப் பயந்தே கடியை மறைக்கிற பிள்ளைகள் இன்றும் இருக்கிறார்கள்.

பேத்திக்கு நான் சொன்ன கதை வேறு. பிரான்சில் ஜோசப் மைஸ்டர் என்று ஒரு பையன், ஒன்பது வயது. வெறிநாய் கடித்த அவனை அவன் தாய் பாரிசுக்கு அழைத்துப் போனார். 1885 ஜூலை 6-ஆம் தேதி லூயி பாஸ்டரின் தடுப்பு மருந்து அவனுக்குப் போடப்பட்டது. பாஸ்டர் மருத்துவர் அல்லர் என்பதால் இன்னொரு மருத்துவர்தான் ஊசி போட்டார். பையன் பிழைத்தான். வளர்ந்து பெரியவனாகி, பாஸ்டர் பெயரில் எழுந்த நிறுவனத்திலேயே காவல் வேலை பார்த்தான். நம் குன்னூரிலும் 1907-இல் அதே பெயரில் ஒரு நிறுவனம் எழுந்தது. அதற்குப் பின்னால் ஒரு சாவு இருக்கிறது. 1902-இல் நாய்க்கடிபட்ட ஓர் ஆங்கிலப் பெண் தென்னிந்தியாவில் மருந்து கிடைக்காமல் இறந்துபோனார். அதன் பிறகுதான் இங்கேயும் ஒன்று வேண்டும் என்ற முயற்சி நடந்தது. இதையெல்லாம் கேட்டுவிட்டு அவள் கேட்ட ஒரே கேள்வி, "அந்தப் பையனுக்கு அப்புறம் நாயைப் பார்த்தா பயமா இருந்துச்சா பாட்டி?" எனக்குத் தெரியவில்லை என்றேன். "இருந்திருக்காது" என்று அவளே முடிவு செய்துகொண்டாள்.

பல ஆண்டுகள் தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருந்தவள் நான். அந்த அனுபவத்தில் ஒன்று சொல்கிறேன், இதைப் படிக்கிற பெற்றோர் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். பிள்ளைகள் நாய் கடித்ததைச் சொல்ல மாட்டார்கள். ஒருமுறை மூன்றாம் வகுப்பில் ஒரு பையன் காலுறையை முழங்கால் வரை இழுத்துவிட்டுக்கொண்டே இருந்தான். பக்கத்தில் உட்காரும் பெண் என் காதில் வந்து சொன்னாள். குட்டிநாய் ஒன்று விளையாட்டில் கெண்டைக்காலில் பல் வைத்திருக்கிறது. நாலு நாளாக மறைத்திருக்கிறான். "வீட்ல தெரிஞ்சா அப்பா அடிப்பாரு டீச்சர், குட்டியை எங்கயாவது கொண்டுபோய் விட்டுடுவாரு" என்று அழுதான். அவன் பயந்தது நோய்க்காக அல்ல. அடிக்கும் பயந்தான், சிநேகிதனை இழந்துவிடுவோமோ என்றும் பயந்தான். அன்றே அவன் அம்மாவை வரவழைத்து ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம். ஊசிகளைப் போட்டுக்கொண்டான், நன்றாக இருந்தான்.

ஆகவே, "நாய் கிட்டப் போனா காலை உடைச்சிடுவேன்" என்கிற வீட்டில்தான் ஆபத்து அதிகம். போகாதே என்றால் போகாமல் இருக்கிற பிள்ளைகள் குறைவு. போய்விட்டுச் சொல்லாமல் இருக்கிற பிள்ளைகளே ஏராளம். நான் பேத்தியிடம் ஒரு வாக்குக் கொடுத்தேன். "பல் பட்டாலும் நகம் பட்டாலும் அந்த நிமிஷமே என்கிட்ட வந்து சொல்லணும். நான் திட்ட மாட்டேன். செவலையையும் யாரும் விரட்ட மாட்டாங்க." அவள் அம்மாவையும் பக்கத்தில் உட்காரவைத்து அதே வாக்கை வாங்கிக்கொண்டேன். குடும்பத்தில் எல்லாரும் சேர்ந்து கொடுத்தால்தான் அந்த வாக்குக்கு மதிப்பு.

இனி சிநேகிதத்துக்கு வருவோம். இஸ்திரிக்கார அண்ணன்தான் எங்கள் இருவருக்கும் ஆசிரியர். நாயைத் தேடிப் போகக்கூடாது, அது வரட்டும் என்று விடவேண்டும் என்பது அவர் சொன்ன முதல் பாடம். நேருக்கு நேர் நின்று கண்ணை உற்றுப் பார்க்கக் கூடாது. சற்றுப் பக்கவாட்டில் திரும்பிக் குந்தி உட்கார்ந்து, கையைத் தாழ வைத்துக்கொள்ள வேண்டும். அது வந்து மோந்து பார்க்கும். பார்த்துவிட்டுப் போய்விட்டால், இன்றைக்கு அவ்வளவுதான். வந்து நின்றால் கழுத்துப் பக்கவாட்டிலோ மார்பிலோ தடவலாம். மேலிருந்து தலைக்குக் கையைக் கொண்டுபோனால் பல நாய்களுக்கு மிரட்சி வரும். சாப்பிடும்போது, தூங்கும்போது, குட்டிகளோடு இருக்கும்போது கிட்டவே போகக்கூடாது. வாலை ஆட்டுகிறதே என்று நம்பிவிடக் கூடாது. உடம்பு முழுக்கத் தளர்ந்து வாலோடு சேர்ந்து இடுப்பும் ஆடினால் சந்தோஷம். உடம்பு விறைத்து, வால் மட்டும் நிமிர்ந்து துடித்தால் அது எச்சரிக்கை. தெரியாத நாய் குரைத்துக்கொண்டு வந்தால் ஓடக்கூடாது. கையை மடக்கிக்கொண்டு, தரையைப் பார்த்தபடி அசையாமல் நிற்க வேண்டும். ஓடுவதைத் துரத்துவது அதன் இயல்பு.

எழுதிவிட்டால் நாலு வரி. ஏழு வயதுப் பிள்ளைக்கு அதைக் கடைப்பிடிப்பது தவம். முதல் நாட்களில் செவலை வரவில்லை. இவள் குந்தி உட்கார்ந்திருப்பாள். அது வண்டிக்கு அடியிலிருந்து ஒரு கண்ணை மட்டும் திறந்து பார்க்கும், மூடிக்கொள்ளும். கால் மரத்துப்போய் எழுந்து வருவாள். வீட்டில் ரிமோட்டை அமுக்கினால் படம் வருகிறது, போனில் விரலைத் தேய்த்தால் பாட்டு வருகிறது, கேட்ட பொம்மை மறுநாள் வாசலுக்கு வருகிறது. அவள் ஆசைப்பட்டும் வராத ஒன்று, வா என்று கட்டாயப்படுத்தவும் முடியாத ஒன்று, அவளுக்கு அதுவரை அறிமுகமே ஆகியிருக்கவில்லை. "ஏன் பாட்டி வரமாட்டேங்குது?" என்றாள். "அதுக்கு இன்னிக்கு மனசில்ல" என்றேன். இன்னொரு உயிருக்கு மனசு இல்லாத நாள் உண்டு, அன்றைக்கு நாம் எழுந்து வந்துவிட வேண்டும். இதை எந்தப் பாடப்புத்தகத்திலும் வைத்து என்னால் சொல்லிக்கொடுத்திருக்க முடியாது. இந்தப் பாடம் ஆண் பிள்ளைகளுக்கு இன்னும் அவசியம் என்பது என் எண்ணம். தொடுவதற்கு முன் எதிரில் இருப்பவரின் விருப்பத்தைப் பார்க்கிற பழக்கம் நாயிடம் தொடங்கினால் மனிதர்களிடமும் வரும்.

பிறகு ஒரு நாள் செவலை வந்தது. அவள் தோள்பையை மோந்து, முழங்கையில் மூக்கை வைத்தது. ஈரமூக்கின் சில்லிப்பில் அவள் உடம்பு ஒரு தரம் சிலிர்த்ததை நான் பார்த்தேன். கையை நீட்டவில்லை, கத்தவில்லை. மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அது அவள் காலருகே படுத்த பின்தான், சொல்லிக்கொடுத்தபடி கழுத்தோரத்தில் இரண்டு விரலால் தடவினாள். திரும்பி வந்து சோப்புப் போட்டுக் கை கழுவினாள். அதுவும் எங்கள் ஒப்பந்தத்தில் உண்டு.

கொல்கத்தாவில் ஐசர் என்ற அறிவியல் ஆராய்ச்சி நிறுவனத்தில் அனிந்திதா பத்ரா என்ற அறிவியலாளரின் குழு தெருநாய்களைப் பற்றிப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வருகிறது. ஆய்வுக்கூடத்தில் வளர்த்த நாய்கள் அல்ல, நம் தெருக்களில் திரிகிற அதே நாய்கள். அறிமுகமில்லாத மனிதரிடம் அவற்றுக்கு நம்பிக்கை வருவது எதனால் என்று பார்த்தபோது, திரும்பத் திரும்பச் சாப்பாடு போட்டவரைவிட, தலையைத் தடவிக் கொடுத்தவரிடமே அவை கூடுதலாக நெருங்கின என்று 2017-இல் வெளியிட்டார்கள். அதே குழு தந்த இன்னொரு தகவல் மனத்தை அழுத்துகிறது. 364 குட்டிகளைப் பின்தொடர்ந்து பார்த்ததில், குட்டி போடும் வயதுவரை பிழைத்தவை 19 விழுக்காடுதான். செத்தவற்றில் பெரும்பகுதிக்கு மனிதர்களே ஏதோ ஒரு வகையில் காரணம்.

எங்கள் தெருவிலும் அது நடந்தது. முனைவீட்டுக் கார் ஷெட்டில் ஒரு கறுப்பு நாய் குட்டிகள் போட்டது. கண் திறந்து தள்ளாடி வெளியே வந்த நாட்களில், ஒவ்வொன்றாகக் குறைந்தன. ஒன்று தண்ணீர் லாரியின் பின்சக்கரத்தில் போனது. அதை இவள் பார்த்துவிட்டாள். வீட்டில் எல்லாரும், "சாமிகிட்ட போயிடுச்சும்மா", "வேற வீட்டுக்காரங்க எடுத்துட்டுப் போயிட்டாங்க" என்று ஆளுக்கொரு சமாதானம் சொல்லப் பார்த்தார்கள். நான் தடுத்தேன். கண்ணால் பார்த்த பிள்ளையிடம் பொய் சொன்னால், அடுத்து நாம் சொல்லும் எதையும் அது நம்பாது. "செத்துப்போச்சு. இனிமே வராது. லாரிக்காரர் வேணும்னு செய்யல. குட்டிக்கு வண்டின்னா என்னன்னு தெரியாது" என்று உள்ளதைச் சொன்னேன். மடியில் படுத்து அழுதாள். அழட்டும் என்று விட்டேன். அழுது ஓய்ந்த பிறகு, "அதோட அம்மா தேடுமா?" என்றாள். தேடும், கொஞ்ச நாளைக்குத் தேடும் என்றேன். மறுநாள் இரண்டு பேருமாகத் தாய்நாய்க்குத் தயிர்சாதம் கொண்டுபோய், தள்ளி வைத்துவிட்டு வந்தோம். துக்கத்தைப் பிள்ளைகள் தாங்குவார்கள். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருந்தால் போதும்.

சாப்பாடு போடுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். சென்னையில் டீக்கடைப் பொறைதான் தெருநாய்க்கு வழக்கமான விருந்து. எப்போதாவது ஒன்றிரண்டு போட்டால் குற்றமில்லை. சாக்லேட் நாய்க்கு விஷம். திராட்சை, உலர்திராட்சை, வெங்காயம் ஆகாது. வெந்த கோழி எலும்பு ஊசிபோல உடைந்து குடலைக் குத்தும். சாதத்தில் வேகவைத்த முட்டையோ கறியோ பிசைந்து, உப்பும் காரமும் இல்லாமல் கொடுத்தால் போதும். கோடையில் எல்லாவற்றையும்விடப் பெரிய உபகாரம் ஒரு சட்டித் தண்ணீர். நாய்க்கு நம்மைப்போல உடம்பு முழுதும் வியர்க்காது. நாக்கைத் தொங்கவிட்டு மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்கிறது. அதற்குத் தண்ணீர் வேண்டும். சட்டியைத் தினம் கழுவி ஊற்ற வேண்டும், இல்லையென்றால் கொசு முட்டையிடும். அந்த வேலையைப் பேத்தியிடம்தான் விட்டிருக்கிறேன்.

எங்கே போடுவது என்பதும் முக்கியம். எங்கள் குடியிருப்பில் மூன்றாவது மாடியில் ஒரு பெரியவர், கைத்தடி ஊன்றி நடப்பவர். நாயைக் கண்டால் அவருக்குக் கால் நடுங்கும். விடியற்காலையில் சைக்கிளில் பால் பாக்கெட் போடும் தம்பியையும், ராத்திரியில் சாப்பாடு கொண்டுவரும் பிள்ளைகளையும் தெருநாய்கள் துரத்துவதை நானே பார்த்திருக்கிறேன். கீழே விழுந்து கை எலும்பு முறிந்தால் அந்தப் பிள்ளைக்கு அன்றாடக் கூலி போய்விடும். நாய்மேல் அன்பு வைத்தவர்கள் இந்த மனிதர்களின் பயத்தை அலட்சியமாகப் பேசுவது எனக்குப் பிடிக்காது. நாயின் மிரட்சியைப் புரிந்துகொள்ளத் தெரிந்த மனத்துக்கு மனிதனின் மிரட்சி புரியாமல் போகலாமா? வாசலில் போடாமல், மாடிப்படிப் பக்கம் போடாமல், பிள்ளைகள் விளையாடும் இடத்தில் போடாமல், எல்லாரையும் கேட்டு ஓர் ஓரத்தைக் குறித்து, குறித்த நேரத்தில் போட்டு, மிச்சத்தை அள்ளிவிட்டு வர வேண்டும். 2023-இல் வந்த விலங்குகள் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகளும் ஏறத்தாழ இதைத்தான் சொல்கின்றன. பேத்தியும் நானும் அந்தப் பெரியவரிடம் போய், "தாத்தா, நீங்க எத்தனை மணிக்கு வாக்கிங் போவீங்க?" என்று கேட்டு, அந்த நேரத்தைத் தவிர்த்து எங்கள் நேரத்தை வைத்துக்கொண்டோம். அவருக்கு இன்னும் நாயைப் பிடிக்காது. ஆனால் பேத்தியைப் பார்த்தால் நின்று பேசுகிறார்.

சென்னை மாநகராட்சி எடுத்த 2024 கணக்கெடுப்பில் நகரத்தில் ஏறத்தாழ 1.8 லட்சம் தெருநாய்கள் என்று தெரியவந்தது. இதைச் சொன்னவுடன், பிடித்துக் கொன்றுவிடலாமே என்பவர்கள் இருக்கிறார்கள். அதை இந்த ஊர் ஏற்கெனவே செய்து பார்த்துவிட்டது. என் வயதுக்காரர்களுக்கு நாய் வண்டி நினைவிருக்கும். மாநகராட்சி நாய்களைப் பிடித்துக்கொண்டு போய் மின்சாரம் பாய்ச்சிக் கொன்ற காலம் அது. பல தலைமுறைகளாகக் கொன்றும் நாய்கள் குறையவில்லை. தெருவில் எச்சில் இலையும் இறைச்சிக்கடைக் கழிவும் கிடக்கிற வரைக்கும், ஒரு நாயை எடுத்த இடத்தில் இன்னொரு நாய் வந்து குடியேறுகிறது. விமானி கேப்டன் சுந்தரமும் அவர் மனைவி உஷா சுந்தரமும் 1959-இல் சென்னையில் தொடங்கிய புளூ கிராஸ் என்ற பிராணிகள் நல அமைப்பு, கொல்வதற்குப் பதிலாகக் கருத்தடை என்ற வழியை 1960-களிலேயே சொல்லிவந்தது. 1996-இல் மாநகராட்சி அதை ஏற்றுக்கொண்டது. 2001-இல் நாடு முழுமைக்கும் விதியாயிற்று. ஒரு பகுதியில் உள்ள நாய்களில் 70 விழுக்காட்டுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் நோய் பரவும் சங்கிலி அறுந்துவிடும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. வழி தெரிந்துதான் இருக்கிறது. விடாமல் செய்வதில்தான் குறை.

2025 ஆகஸ்டில் தில்லித் தெருநாய்களையெல்லாம் பிடித்துக் காப்பகத்தில் அடைக்க உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டபோது, டிவியில் பார்த்துவிட்டு இவள் அன்று இரவு சாப்பிடவில்லை. அதே மாதம் 22-ஆம் தேதி, வெறிநோய் உள்ளவையும் மூர்க்கமானவையும் தவிர மற்றவற்றைக் கருத்தடை செய்து, தடுப்பூசி போட்டுப் பிடித்த இடத்திலேயே விடலாம் என்று உத்தரவு மாறியது. நவம்பரில் நீதிமன்றம், பள்ளி, மருத்துவமனை, பேருந்து நிலையம், ரயில் நிலையம் போன்ற இடங்களிலிருந்து நாய்களை அகற்ற வேண்டும் என்று சொன்னது. பள்ளி வளாகத்தில் நாய் இருக்கக்கூடாது என்பதில் ஆசிரியையாக எனக்கும் உடன்பாடுதான். இதையெல்லாம் பிள்ளைக்குப் புரிகிற மாதிரி சொன்னேன். "அப்ப செவலைக்கு ஊசி போட்டாச்சா?" என்றாள். கேட்க வேண்டிய கேள்வி அதுதான். பொறை போடும் நாங்கள் யாரும் அதுவரை கேட்காத கேள்வி.

1913 என்ற மாநகராட்சி எண்ணுக்குப் பேசினேன். வண்டி வந்தது. செவலை இஸ்திரிக்கார அண்ணன் கூப்பிட்டதும் வந்துவிட்டது, அவர் கையாலேயே பிடித்துக் கொடுத்தார். வண்டிக் கதவு மூடியபோது உள்ளேயிருந்து அது ஊளையிட்டதைக் கேட்டு இவள் முகத்தை என் புடவையில் புதைத்துக்கொண்டாள். "நான்தானே பாட்டி சொன்னேன்" என்று விம்மினாள். அதற்குப் பிடிக்காததைத்தான் அதன் நன்மைக்காகச் செய்கிறோம், உனக்கு அம்மை ஊசி போட்ட அன்றைக்கு நீயும் இப்படித்தான் ஊளையிட்டாய் என்றேன். நம்பினாளா தெரியாது. வேன் ஏறும் போதெல்லாம் வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தாள். சில நாள் கழித்து அதே வண்டி, அதே வாதாம் மரத்தடியில் செவலையை இறக்கிவிட்டுப் போனது. காதோரத்தில் சின்னதாக ஒரு வெட்டு. கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் ஆயிற்று என்பதற்கு அடையாளம். இறங்கிய நாய் எங்களையெல்லாம் விட்டுவிட்டு நேராகப் போய்ச் சாம்பலில் படுத்துக்கொண்டது. இரண்டு நாள் இவள் பக்கமே வரவில்லை. கோபமா, வலியா, தெரியாது. இவள் குந்தி உட்கார்ந்து காத்திருந்தாள். காத்திருக்கத்தான் பழகிவிட்டாளே.

வீட்டுக்குக் கொண்டுவரலாமா என்று இடையில் ஒருமுறை கேட்டாள். எந்தப் பிள்ளையும் கேட்கும். பிறந்து சில வாரமே ஆன, நாதியில்லாத நாட்டு நாய்க்குட்டி ஒன்றை, வீட்டில் எல்லாரும் மனமொப்பி எடுத்து வளர்ப்பது நல்ல காரியம். காசு கொட்டி வெளிநாட்டு இனம் வாங்கி, நம் வெயிலில் அதை வாட்டுவதைவிட ஆயிரம் மடங்கு நல்லது. ஆனால் செவலைக்கு ஒரு தெரு இருக்கிறது. அதற்கென்று கூட்டாளிகள், எல்லை, வண்டி நிழல், இஸ்திரிக்கார அண்ணன் எல்லாம் இருக்கிறார்கள். அதைக் கொண்டுவந்து பால்கனியில் கட்டினால் நமக்குத்தான் திருப்தி. "அது நம்ம வீட்டு நாய் இல்ல, உன் சிநேகிதி. சிநேகிதிய வீட்ல பூட்டி வைப்பாங்களா?" என்றேன். சரி என்றாள். மறுநாள் வேனில் ஏறும்போது, "போய்ட்டு வரேன் செவல, நீ உன் வீட்லயே இரு" என்று சொல்லிவிட்டுப் போனாளாம். அண்ணன் சொன்னார்.

நாயைச் சிநேகிதமாக மதிப்பது நமக்குப் புதிதல்ல. திருவண்ணாமலை மாவட்டத்தில் எடுத்தனூர் என்று ஓர் ஊர். முதலாம் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல் ஒன்று அங்கே இருக்கிறது. எருமைகளுக்காக நடந்த சண்டையில் மாண்ட வீரனோடு அவனுடைய நாயையும் அதில் செதுக்கியிருக்கிறார்கள். கோவிவன் என்று அதன் பெயரையும், அது கள்வரைக் கடித்து நின்றதையும் எழுத்தில் வெட்டி வைத்திருக்கிறார்கள். ஆயிரத்து நானூறு ஆண்டுக்கு முன்னால் ஒரு நாயின் பெயர் மறந்துபோகக் கூடாது என்று நினைத்த ஊர் நம்முடையது. வரும் விடுமுறையில் பேத்தியை அங்கே அழைத்துப் போகலாம் என்று இருக்கிறேன்.

உங்கள் வீட்டுப் பிள்ளை எந்த நாயோடு சிநேகம் வைத்திருக்கிறது என்று இன்றைக்கே கேளுங்கள். கேட்டுவிட்டுக் கூடவே கீழே இறங்கிப் போங்கள். அந்த நாயின் காதைப் பாருங்கள். வெட்டு இருந்தாலும், கடைசியாக எப்போது ஊசி போட்டார்கள் என்று விசாரியுங்கள், ஏனென்றால் தடுப்பூசியைத் திரும்பவும் போட வேண்டியிருக்கும். வெட்டு இல்லையென்றால் சென்னைக்காரர்கள் 1913-க்குப் பேசுங்கள். மற்ற ஊர்க்காரர்கள் நகராட்சிக்கோ ஊராட்சிக்கோ மனு எழுதுங்கள். அந்த மனுவில் பிள்ளையையும் ஒரு கையெழுத்துப் போடச் சொல்லுங்கள்.